அலுமினியம் கேபினெட்: எதற்காகப் பணம் கொடுக்கிறோம்?

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கப் போகிறவர் அலுமினியம் கேபினெட்டைப் பற்றி விசாரித்தால் முதலில் கேட்கும் வாக்கியம் அநேகமாக இதுதான்: "ஹீட்டே ஆகாது சார்." விலையோ சாதாரண இரும்புத் தகட்டுக் கேபினெட்டைப்போல மூன்று மடங்கு, சில சமயம் நான்கு மடங்கு. வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவருக்கு ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் கணக்குதான். அந்தக் கூடுதல் பணத்தை நல்ல கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம், தரமான எஸ்எம்பிஎஸ்ஸில் போடலாம். அப்படியிருக்க, ஒரு பெட்டிக்காக ஏன் செலவழிக்க வேண்டும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியம் கேபினெட் நல்ல பொருள்தான். ஆனால் குளிர்ச்சிக்காக அதை வாங்குகிறவர் தவறான காரணத்துக்காகப் பணம் கொடுக்கிறார். சரியான காரணங்கள் வேறு இருக்கின்றன. அவை நமக்குப் பொருந்தினால் மட்டுமே அந்த விலை நியாயம்.

குளிர்ச்சி என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கேபினெட் செய்யப் பயன்படும் அலுமினியக் கலவைகள் இரும்பைவிடச் சுமார் மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அது உண்மை. அடுப்பில் வைத்த அலுமினியப் பாத்திரம் சட்டென்று சூடேறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதே உலோகத்தில் செய்த பெட்டியும் வெப்பத்தை வெளியே தள்ளும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாத்திரத்தில் தீ நேராக உலோகத்தைத் தொடுகிறது. கேபினெட்டுக்குள் பிராசஸரோ கிராஃபிக்ஸ் கார்டோ பக்கத் தகட்டைத் தொடுவதே இல்லை. அவற்றின் வெப்பம் ஹீட் சிங்க்குக்குப் போகிறது, அங்கிருந்து உள்ளே இருக்கும் காற்றுக்கு, காற்றிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து அறையின் காற்றுக்கு. இந்த வழியில் இரண்டு இடங்களில் வெப்பம் திணறுகிறது. உள் காற்றிலிருந்து தகட்டுக்குத் தாவும் இடம் ஒன்று, தகட்டிலிருந்து வெளிக் காற்றுக்குத் தாவும் இடம் மற்றொன்று. ஒரு மில்லிமீட்டர் தகட்டைக் கடப்பதற்கு ஆகும் தடை, அந்த இரண்டு காற்றுப் படலங்களின் தடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தகடு இரும்பா அலுமினியமா என்பது அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நடக்கிற மாற்றம்தான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 45 செ.மீ. உயரம், 45 செ.மீ. ஆழம், 21 செ.மீ. அகலம் உள்ள மிட் டவர் ஒன்று. தரையில் அமரும் அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் மேற்பரப்பு சுமார் 0.7 சதுர மீட்டர். உள்ளே இருக்கும் காற்று அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூடிய பெட்டியின் சுவர்கள் வழியே வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 30 வாட். இன்றைய விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று சர்வசாதாரணமாக 300, 400 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றுக்கே 450 வாட் அளவு குறித்திருக்கிறார்கள். இப்போது ஒரு 120 மி.மீ. ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 50 கன அடி, அதாவது சுமார் 1,400 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்றால், அதே 10 டிகிரி வித்தியாசத்தில் அது வெளியே கொண்டுபோகும் வெப்பம் சுமார் 270 வாட். வலையும் தூசு வடிகட்டியும் காற்றில் பாதியைத் தடுத்துவிட்டாலும், சில நூறு ரூபாய் ஃபேன் ஒன்று பெட்டியின் சுவர்கள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையைப்போல நான்கு மடங்கு செய்கிறது. தகட்டை அலுமினியமாக மாற்றினால் அந்த 30 வாட் 31 ஆவதுகூடச் சந்தேகம். பளபளப்பாகத் தேய்த்து வேறு பூச்சில்லாமல் விட்ட அலுமினியம் என்றால் வெப்பக் கதிர்வீச்சு மிகக் குறைந்து, பெயின்ட் அடித்த இரும்பைவிடக் குறைவாகவே வெளியேற்றும்.

வரலாற்றைப் பார்த்தால் இந்த நம்பிக்கை வேரூன்றிய விதம் புரியும். தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர்கள் சந்தன நிற இரும்புப் பெட்டிகளில் வந்தன. பெரும்பாலானவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேனைத் தவிர வேறு ஃபேன் கிடையாது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஏஎம்டி அத்லான் போன்ற சூடான பிராசஸர்கள் வந்தபோது, தைவானின் லியன் லி நிறுவனம் பிசி-60 போன்ற முழு அலுமினியக் கேபினெட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1983-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கூலர் மாஸ்டரும் அதே காலத்தில் ஏடிசி வரிசையில் அலுமினியப் பெட்டிகளை விற்றது. இவற்றில் மாற்றியவர்களுக்குக் கம்ப்யூட்டர் உண்மையிலேயே குளிர்ந்தது. காரணம், அந்தப் பெட்டிகளில் முன்னும் பின்னும் பல ஃபேன்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பெயர் மட்டும் உலோகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2003-இல் ஆப்பிள் வெளியிட்ட பவர் மேக் ஜி5 அலுமினியப் பெட்டியின் அழகுக்குப் பேர்போனது. அதன் உள்ளே நான்கு வெப்ப மண்டலங்களும் ஒன்பது ஃபேன்களும் இருந்தன. அலுமினியமே குளிர்வித்துவிடும் என்றால் ஒன்பது ஃபேன் எதற்கு?

எதிர்த் திசையிலும் சான்று உண்டு. 2015-ஐ ஒட்டி வந்த ஃபேன்டெக்ஸ் எவால்வ் ஏடிஎக்ஸ் கேபினெட்டில் 3 மி.மீ. தடிமன் அலுமினியப் பலகைகள் இருந்தன. கையால் தொட்டுப் பார்த்தவர்கள் மயங்கிப்போகும் வேலைப்பாடு. ஆனால் முகப்பும் மேல்பக்கமும் மூடியிருந்ததால் காற்று நுழைய வழி குறைவு, அதனால் உள்ளே சூடு அதிகம் என்று விமர்சகர்கள் எடுத்துச் சொன்னார்கள். நல்ல அலுமினியம், மோசமான காற்றோட்டம். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியவில்லை. வலையால் ஆன முகப்பு, முன்னால் இரண்டு மூன்று ஃபேன், பின்னால் ஒன்று, கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யக்கூடிய தூசு வடிகட்டி: இவை உள்ள ஐயாயிரம் ரூபாய் இரும்புக் கேபினெட், முகப்பை மூடிய இருபதாயிரம் ரூபாய் அலுமினியக் கேபினெட்டைக் குளிர்ச்சியில் வென்றுவிடும். மே மாதத்தில் அறையே 35 டிகிரியில் கொதிக்கும் நம் ஊரில் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது அருமையானது. ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர்கள். நெதர்லாந்தின் ஸ்ட்ரீக்கம் நிறுவனத்தின் டிபி4 என்ற கேபினெட், ஏறக்குறைய 26 செ.மீ. கனசதுரம். பிராசஸரின் மேல் செம்புத் தகடு அமர்ந்து, அதிலிருந்து வெப்பக் குழாய்கள் நேராகப் பக்கச் சுவருக்குப் போய்ச் சேரும். சுவரே ஹீட் சிங்க். இங்கே வெப்பம் காற்றில் இறங்காமல் உலோகத்தின் வழியே நடக்கிறது, அதனால் அலுமினியத்தின் கடத்துத்திறன் முழுவதும் பயனுக்கு வருகிறது. 65 வாட் அளவிலான பிராசஸரைச் சத்தமே இல்லாமல் ஓட்டலாம். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள், படுக்கையறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இது வரப்பிரசாதம். அறை வெப்பம் ஏற ஏற இதன் திறன் குறையும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏசி இல்லாத அறை என்றால் 35 வாட் பிராசஸரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, குளிர்ச்சி இல்லையென்றால் அலுமினியம் எதைத் தருகிறது? முதலில் எடை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பின் அடர்த்தி 7.85. ஆனால் அலுமினியம் மூன்று மடங்கு எளிதாக வளையும் என்பதால் அதே தடிமனில் செய்தால் பெட்டி ஆட்டம் காணும். அதே விறைப்பு வேண்டுமானால் ஒரு மி.மீ. இரும்புக்குப் பதில் சுமார் 1.45 மி.மீ. அலுமினியம் வேண்டும். அப்போதும் எடை பாதிதான். இந்தக் கணக்கு வாங்குகிறவருக்கு நேரடியாக உதவும்: ஒரு மி.மீ.க்கும் குறைந்த அலுமினியத் தகட்டில் செய்த கேபினெட் எதுவானாலும் அது விலையைக் குறைக்கச் செய்த வேலை. பக்கத் தகட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் உள்ளே போய் டப்பென்று திரும்பும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளவர்களுக்கு இது தலைவலி. 7,200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிர்கிறது. மெல்லிய அலுமினியத் தகடு அந்த அதிர்வை வாங்கி ரீங்காரமிடும். கனமான இரும்பு அதை அமுக்கிவிடும். எஸ்எஸ்டி மட்டும் போடுகிறவருக்குக் கவலையில்லை. மற்றவர்கள் டிஸ்க் பொருத்தும் இடத்தில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எடை குறைவின் பலன் பெரிய டவரில் சொற்பம்தான், மேசைக்கு அடியில் வைத்தால் வருடத்துக்கு ஒருமுறை நகர்த்துவோம். சின்னப் பெட்டிகளில் அது முழுமையாகக் கிடைக்கிறது. அலுமினியத்தின் இன்றைய உண்மையான வீடு அங்கேதான் இருக்கிறது. 2013-இல் ஆர்வலர்கள் சிலர் தாங்களே வடிவமைத்து, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வெளியிட்ட என்கேஸ் எம்1, 12.7 லிட்டர் கொள்ளளவு. 2016-இல் ஜெர்மானியர் ஒருவர் அதே வழியில் கொண்டுவந்த டான் ஏ4, வெறும் 7.2 லிட்டர். அதற்குள் முழு நீளக் கிராஃபிக்ஸ் கார்டே அமரும். இரண்டையும் தயாரித்துக் கொடுத்தது லியன் லி. இவ்வளவு நெருக்கமான பெட்டியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கார்டு உட்காராது. நெருக்கமான இடத்தில் துல்லியமாக வெட்டவும் கடையவும் அலுமினியம் இணங்கி வருகிறது. ஃப்ராக்டல் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட டெரா, 10.4 லிட்டர், அலுமினியப் பலகைகளோடு முகப்பில் வால்நட் மரத் துண்டும் சேர்ந்தது. இந்த வகைப் பெட்டி வாங்குகிறவர்கள் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் இரண்டுக்கும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிவரும். கார்டை மதர்போர்டின் பின்புறம் திருப்பி வைக்க ரைசர் கேபிள் தேவைப்படும். பழைய மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைச் செருகினால் திரையே வராமல் போகலாம். பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் சரியாகிவிடும். கேபினெட்டோடு வரும் ரைசர் எந்தத் தலைமுறை என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரணம் துரு. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரும்புக் கேபினெட்டின் தகடு துத்தநாகம் பூசியதுதான், ஆனால் வெட்டிய ஓரங்களில் அந்தப் பூச்சு கிடையாது. பின்பக்க ஸ்லாட் மூடிகளிலும் திருகுத் துளைகளிலும் பழுப்பு படிய ஆரம்பிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது. அனோடைஸ் செய்தது என்றால் அதன் மேற்பரப்பே கடினமான ஆக்சைடு படலமாகிவிட்டிருக்கும், பெயின்ட்போல உரியாது. எஃகுத் திருகும் அலுமினியமும் உப்புக் காற்றில் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. அனோடைஸில் கீறல் விழுந்தால் தொட்டுச் சரிசெய்ய முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். "பிரஷ்டு அலுமினியம் ஃபினிஷ்" என்று அட்டையில் போட்டிருப்பவற்றில் பல, கோடு இழுத்த பிளாஸ்டிக் முகப்பும் இரும்பு உடம்பும்தான். முகப்பு, பக்கத் தகடு, உள் சட்டகம், மதர்போர்டு தாங்கும் தட்டு என்று ஒவ்வொன்றிலும் காந்தத்தை வையுங்கள். எங்கே ஒட்டுகிறதோ அங்கே இரும்பு. உள் சட்டகம் இரும்பாக இருப்பது குற்றமில்லை. 2 கிலோவைத் தாண்டும் கிராஃபிக்ஸ் கார்டுகளைத் தாங்க அது நல்லதே. லியன் லியே 2018-இல் வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்ட ஓ11 டைனமிக்கில் இரும்புச் சட்டகமும் கண்ணாடியும்தான் பெரும்பகுதி, அலுமினியம் முகப்பில் கொஞ்சம். ஆனால் முழு அலுமினியத்துக்கான விலையைக் கேட்டுவிட்டு முகப்பை மட்டும் அலுமினியமாகக் கொடுப்பதை ஏற்கக் கூடாது. காந்தச் சோதனையில் இன்னொரு விஷயமும் தெரியவரும்: காந்தப் பட்டையுள்ள தூசு வடிகட்டிகளை நீங்களாக வாங்கி அலுமினியப் பெட்டியில் ஒட்ட முடியாது. நல்ல தயாரிப்பாளர் அதற்கென்று உள்ளே எஃகுப் பட்டை பதித்திருப்பார், அல்லது வடிகட்டிக்குத் தனிச் சட்டம் கொடுத்திருப்பார்.

அடுத்து மரை. கேபினெட் திருகுகளில் பெரியவற்றின் மரைக்கு மரை இடைவெளி 0.8 மி.மீ., சிறியவற்றின் இடைவெளி 0.5 மி.மீ. ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டில் நேரடியாக மரை வெட்டியிருந்தால் பெரிய திருகுக்கு ஒரு சுற்றுதான் பிடிமானம். அலுமினியம் மென்மையான உலோகம். நான்காவது ஐந்தாவது முறை கழற்றி மாட்டும்போது மரை அழிந்து திருகு சும்மா சுற்றும். ஆகவே பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி, துளைகளை உற்றுப் பாருங்கள். தகட்டின் பின்னால் தடித்த எஃகு அல்லது பித்தளைக் குமிழ் அழுத்திப் பதித்திருந்தால் அது பல வருடம் நிற்கும். வெறும் துளை என்றால் விலையைப் பொருட்படுத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் கணக்கில் தரமான கேபினெட்டுக்கும் பகட்டான கேபினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும். கூடவே உள் ஓரங்களில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் கை கீறும், கேபிளும் கீறுபடும்.

அளவுகளை இங்கே விரிக்கத் தேவையில்லை. கார்டின் நீளம், பிராசஸர் கூலரின் உயரம், எஸ்எம்பிஎஸ்ஸின் அளவு மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனால் போதும். நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற பெரிய கூலர் 165 மி.மீ. உயரம். இன்றைய பெரிய கார்டுகள் 300 மி.மீ.க்கு மேல்.

எர்த் விஷயத்தை மட்டும் நின்று சொல்லியாக வேண்டும். அலுமினியம் கேபினெட் வாங்கியவர்களில் பலர், தொட்டால் விரலில் சுறுசுறுவென்று பிடிக்கிறது என்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, லைன், நியூட்ரல் இரண்டிலிருந்தும் சிறு கெபாசிட்டர்கள் உலோக உடம்போடு இணைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத சுவிட்ச் போர்டில், அல்லது மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகியிருந்தால், 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டின் உடம்பில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுறுசுறுவென்ற உணர்வோடு போகிறது. தடித்த பெயின்ட் பூசிய இரும்புக் கேபினெட்டிலும் இதே கசிவு உண்டு, பெயின்ட் அதை மறைத்துவிடுகிறது. அனோடைஸ் படலமும் மின்சாரத்தைத் தடுக்கும், ஆனால் மிக மெல்லியது. திருகுத் தலை, கீறல், ஓரம் என்று எங்காவது உலோகம் வெளியே தெரியும். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். இதற்குக் கேபினெட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத நிலையில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையான பழுது ஏற்பட்டால் முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வரலாம், வீட்டில் குழந்தைகள் தொடும் பொருள் அது.

விலைக்கு வருவோம். அலுமினியம் உருக்குவதே மின்சாரத்தைக் குடிக்கும் தொழில். கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் வரை பிடிக்கும். அதன் மேல் வெட்டு, வளைப்பு, அனோடைஸ், இறக்குமதி வரி. அமெரிக்காவில் கேஸ்லேப்ஸ் என்ற நிறுவனம் தடித்த அலுமினியத்தில் பெரிய கேபினெட்களைச் செய்து ஆர்வலர்களிடம் பெரும் மதிப்புப் பெற்றிருந்தது. 2018 ஆகஸ்டில் அதை மூடினார்கள். இறக்குமதி வரிகளால் மூலப்பொருள் செலவு தாறுமாறாக ஏறியதையும், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் கைவிட்டதையும் காரணமாகச் சொன்னார்கள். நல்ல வேலை செய்கிற சிறு நிறுவனத்துக்கு இந்தத் தொழிலில் எவ்வளவு குறுகிய இடம் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் தகடு வெட்டவும் கடையவும் அனோடைஸ் செய்யவும் பட்டறைகள் இருக்கின்றன. முன்பதிவு வாங்கிக்கொண்டு பெட்டி செய்யும் வழியை என்கேஸும் டானும் காட்டிவிட்டார்கள். இங்கிருந்து ஒருவர் முயன்றால் முதல் ஆர்டர் கொடுப்பவர்களில் நானும் இருப்பேன்.

அதுவரை, மொத்தச் செலவு அறுபது, எழுபது ஆயிரத்துக்குள் அசெம்பிள் செய்கிறவர்கள் வலை முகப்புள்ள இரும்புக் கேபினெட்டை வாங்கிக்கொண்டு மிச்சத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஃபேனிலும் போடுங்கள். கடற்கரை ஊரில் இருப்பவர்கள், கம்ப்யூட்டரைப் பையில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், சத்தமில்லாத பெட்டி தேடுகிறவர்கள், ஒரே பெட்டியைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க நினைப்பவர்கள் ஆகியோர் தாராளமாக அலுமினியத்துக்குப் போகலாம். மதர்போர்டின் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று இன்டெல் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. மரை கெடாத பெட்டி ஒன்றை இன்று வாங்கினால், அடுத்து மாற்றும் மதர்போர்டும் அதற்கடுத்ததும் அதிலேயே உட்காரும்.